வந்த காரணம்

அருள்,

வழக்கமாக எழுதும் "இங்கு எல்லோரும் நலம்" என்ற வரியை இந்தத் தடவை எழுதவில்லை. எல்லோரும் என்று சொல்ல இந்த வீட்டில் நான் ஒருத்தன்தான் மிச்சம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் கல்யாணப் படம் வந்து சேர்ந்தது. மருமகள் கிரேஸ் நன்றாக இருக்கிறாள். நீதான் கோட்டுக்குள் மாட்டிக்கொண்டவன் மாதிரி நிற்கிறாய். அடுத்த மாதம் அவளையும் அழைத்துக்கொண்டு ரங்கூனுக்கு, நம் தின்கன்ஜூன் வீட்டுக்கு வந்து பத்து நாள் தங்கப் போவதாக எழுதியிருந்தாய். படித்த அன்றைக்கே வார்டு ஆபீசுக்குப் போய் விருந்தாளி ஃபாரம் வாங்கி வந்துவிட்டேன். சிங்கப்பூரில் பன்னிரண்டு வருஷம் இருந்த உனக்கு மறந்திருக்கலாம், மோல்மீன் பெண்ணான கிரேஸுக்கு மறந்திருக்காது. யார் வீட்டில் யார் ராத்தங்கினாலும், பெற்ற பிள்ளையாகவே இருந்தாலும், இருட்டுவதற்குள் பெயர், வயது, ஊர், வந்த காரணம் எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஃபாரம் ஒன்பது நாளாக மேஜை மேல் கிடக்கிறது. ஓர் எழுத்துகூட நிரப்பவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். தபாலில் போடாமல், நம் சபை நர்ஸம்மா சிங்கப்பூருக்குத் திரும்பும்போது அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அதற்கும் காரணம் உனக்குப் படிக்கப் படிக்கத் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது கதவு தட்டுகிற சத்தம். மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு தட்டு. அந்தத் தட்டலைக் கேட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஈரக் கையோடு அப்படியே நின்றுவிட்டேன். கிழவனுக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு போய்விடட்டும் என்றுகூட நினைத்தேன். மறுபடி அதே மாதிரி தட்டினான். திறந்தேன். சாலமன். தன்லியினிலிருந்து சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வந்து உன்னோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டிய அதே சாலமன். முன்பற்கள் இரண்டு இல்லை. முடி முக்கால்வாசி போய்விட்டது. உன்னைவிட ஒரு வயது இளையவன், பார்த்தால் உனக்குச் சித்தப்பா என்று சொல்லலாம். "நல்லா இருக்கீங்களா அங்கிள்" என்று கேட்டுவிட்டு, நான் உட்காரச் சொல்வதற்கு முன்பே ஒரு நாற்காலியை எடுத்துச் சுவரோரம் போட்டு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தான். நான் உன்னிடம் சொன்னபடி அவன் மலேசியாவுக்குப் போகவில்லை, அருள். ஒருநாளும் போனதில்லை. அவன் ஏழு வருஷம் ஜெயிலில் இருந்தான். விட்ட பிறகு மாந்தலேயில் அக்கா வீட்டில் இருந்துவிட்டு, இந்த வருஷம்தான் தன்லியினுக்குத் திரும்பி வந்திருக்கிறான். அன்றைக்கு அவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய் உன்னைப் பற்றியது. நீ வரும்போது அவன் மறுபடி வருவான். அதற்கு முன்னால் நடந்தது முழுவதும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ராணுவ அரசாங்கம் காலேஜை இழுத்து மூடிவிட்டு, எப்போது திறப்பார்கள் என்று ஒருவருக்கும் தெரியாமல் இருந்த வருஷங்கள் அவை. உன் வயதுப் பிள்ளைகள் டீக்கடையில் ஒரு கப்பை வைத்துக்கொண்டு பொழுதைத் தள்ளினார்கள். நீங்கள் இரண்டு பேரும் பன்சொடான் தெரு நடைபாதையில் பழைய புத்தகக் குவியலைக் கிளறினீர்கள். ஏதோ வெளிநாட்டுக்காரர் ஊரைவிட்டுப் போகும்போது போட்டுவிட்டுப் போன இரண்டு இங்கிலீஷ் புத்தகங்கள் ஒரே குவியலில் கிடைத்தன. இரண்டும் மார்மன் என்கிற அமெரிக்கக் கிறிஸ்தவ மார்க்கத்தின் ஆரம்ப வரலாறு. தடித்தது, அந்தச் சபையை விட்டு விலகிய ஒருவர் எழுதியது. ஆரம்பித்தவரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்கிற புத்தகம். மெல்லியது, சபையில் இருக்கிற ஒருவர் அந்தக் குற்றச்சாட்டுகளுக்கெல்லாம் பதில் சொல்லி எழுதியது. சாலமன் கை முந்திவிட்டது, தடித்ததை அவன் எடுத்தான். மிச்சம் இருந்தது உனக்கு வந்தது. அவ்வளவுதான் காரணம். அன்றைக்குக் கை மாறி எடுத்திருந்தால் நீ இன்று எந்தக் கோயிலில் நின்று கல்யாணம் செய்திருப்பாய் என்று நான் யோசித்ததுண்டு.

விஷயம் உனக்குத் தெரியும், உன்னோடு அந்தச் சபையில் இருக்கிற கிரேஸுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் அதை எப்படிக் கேட்டேன் என்பது உங்களுக்குத் தெரியாது. பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, பிரஸ்ஸிலிருந்து கொண்டுவந்த ப்ரூஃபைத் திருத்திக்கொண்டே கேட்டேன். போன நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அமெரிக்காவில் ஒரு குடியானவர் வீட்டு இளைஞர். தேவதூதன் காட்டித் தங்கத் தகடுகள் கிடைத்தன என்கிறார், அதிலிருந்து ஒரு வேதம் வருகிறது. சின்ன வயதில் தான் கண்ட தரிசனத்தை அவர் ஒரு வருஷம் ஒரு மாதிரியும், சில வருஷம் கழித்து வேறு மாதிரியும் சொல்லியிருக்கிறார். சாலமன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வான். "கதை வளருதுடா. மொதல்ல ஒருத்தர் வந்தாரு, அப்புறம் ரெண்டு பேரா ஆயிட்டாங்க. இன்னும் பத்து வருஷம் இருந்திருந்தா ஒரு கூட்டமே வந்திருக்கும்" என்பான். நீ விடமாட்டாய். "நடந்ததை உங்கம்மாகிட்ட சொல்ற மாதிரியேவா எங்கிட்ட சொல்றே? ஆளுக்குத் தக்கன சொன்னா அது பொய்யா?" என்பாய். தகடுகளைக் கண்ணால் பார்த்தோம் என்று கையெழுத்துப் போட்ட சாட்சிகள்தான் உன் பிரம்மாஸ்திரம். அவர்களில் முக்கியமானவர்களே பிற்பாடு அவரோடு சண்டை போட்டுக்கொண்டு சபையை விட்டுப் போயும், பார்த்தது பொய் என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை என்பாய். சாலமன் அதற்குச் சொன்ன பதிலை நான் மறக்கவே இல்லை. "மாத்திச் சொல்லலைன்னா நெசம்னு ஆயிடுமா? வெக்கத்துக்காகவும் ஒருத்தன் சாகிற வரைக்கும் மாத்தாம இருப்பான்டா." அன்றைக்கு எனக்கு அது கெட்டிக்காரப் பையனின் பேச்சாக மட்டும்தான் தெரிந்தது.

இரண்டு புத்தகத்தையும் நானும் படித்தேன். நீ தூங்கும்போது எடுத்துப் படித்தேன் என்று நினைக்காதே, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் கண்ணெதிரேதான் படித்தேன், கையில் பென்சிலோடு. தடித்த புத்தகத்தில் பதினோரு அச்சுப்பிழை, மெல்லியதில் ஏழு. அதைத்தான் உன்னிடம் சொன்னேன். நீ என்ன நம்புகிறாய், ஏன் நம்புகிறாய் என்று ஒருநாள் கேட்டதில்லை. ஆரம்பத்தில் உன் கையில் அந்தப் புத்தகம் இருந்ததால் அந்தக் கட்சியில் இருந்தாய். போகப் போக வாதத்துக்காகப் பேசுவது நின்று, மனசிலிருந்து பேச ஆரம்பித்தாய். சாப்பாட்டுக்கு முன் நீ ஜெபம் செய்கிற விதம் மாறியதை உன் அம்மா கவனித்துவிட்டு, "பிள்ளை முழங்கால் போடறான், அது போதாதா உங்களுக்கு" என்றாள். எனக்குப் போதவில்லை. என் அப்பா நம் சபைக்கு உபதேசியார். அவர் பேரன் தற்செயலாகக் கிடைத்த ஒரு புத்தகத்தால் வேறு கோயிலுக்குப் போவதா என்று உள்ளுக்குள் கொதித்தேன். உன்னைத் திட்டாமல் சாலமன்மேல் அந்தக் கோபத்தை வைத்தேன். அவன் எதிர்த்து எதிர்த்துப் பேசியதால்தான் நீ அதில் ஊன்றிவிட்டாய் என்று எனக்கு ஒரு கணக்கு. நாளைக்கு உன் பிள்ளை உனக்குப் பிடிக்காத புத்தகத்தோடு வீட்டுக்குள் வந்தால், அதில் பிழை எண்ணாதே. பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே காட்டு என்று கேள். நான் கேட்டிருந்தால் இந்தக் கடிதம் இல்லை.

என் வேலையைப் பற்றி உனக்குத் தெரியாததில்லை, ஆனால் கிரேஸுக்குச் சொல்ல வேண்டும். மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் லைனை ஒட்டி இருந்த ஒரு பிரஸ்ஸில் ப்ரூஃப் பார்த்தேன். பத்திரிகையை அச்சடித்துப் அரசாங்கத்தின் பரிசீலனை ஆபீசுக்கு, அதாவது சென்சாருக்கு அனுப்புவோம். திரும்பி வரும்போது சில பத்திகளைச் சுற்றிச் சிவப்புக் கோடு இருக்கும். அந்தப் பத்தியின் மேல் எல்லாப் பிரதிகளிலும் வெள்ளி மை பூசி மறைக்க வேண்டும். பூசுவதும் என் வேலைதான். எனக்குக் கை நடுங்காது, பக்கத்து வரியில் ஒரு சொட்டுப் படாமல் பூசுவேன் என்று முதலாளி நாலு பேரிடம் பெருமையாகச் சொல்வார். நானும் அதைப் பெருமை என்றுதான் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வரும்போது நகக்கண்ணில் வெள்ளி ஒட்டிக்கொண்டிருக்கும். உன் அம்மா மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்துவிடுவாள்.

அவன் வந்த கடைசிச் சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. சாலமன் நனைந்து வந்து உன் கைலியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அன்றைய வழக்கு, அந்த ஸ்தாபகரின் கடைசி நாட்கள். அவர் அப்போது ஒரு ஊருக்கு மேயர். ரகசியமாகப் பல பெண்களைக் கட்டிக்கொண்டதை அவர் சபையிலிருந்து பிரிந்த சிலர் ஒரு பத்திரிகை தொடங்கி அச்சடித்துவிட்டார்கள். ஒரே ஒரு இதழ்தான். ஊர்க் கவுன்சில் கூடி, அந்த பிரஸ்ஸை உடைத்துப் போடச் சொல்லி உத்தரவு போட்டது. உடைத்தார்கள். அச்சு எழுத்துகளைத் தெருவில் கொட்டினார்கள். தெருவில் ஈய எழுத்து கிடப்பதைக் கேட்டதும் நான் பேனாவை வைத்துவிட்டேன். நீ சொன்னாய், "கவுன்சில் கூடித்தான் முடிவு பண்ணாங்க. அந்தக் காலத்துச் சட்டத்துல எடம் இருந்துச்சு. அப்புறம் அவரை ஜெயிலுக்குள்ளயே பூந்து சுட்டுக் கொன்னாங்களே, அது எந்தச் சட்டம்?" சாலமன் சொன்னான், "அது அநியாயம். நான் இல்லைங்கல. ஆனா ஆள்றவன் தன்னைப் பத்தி எழுதுன பிரஸ்ஸை ஒடைக்கலாமா கூடாதா, அதுக்குப் பதில் சொல்லு." இரண்டு பேர் குரலும் ஏறிவிட்டது. ஜன்னல் திறந்திருந்தது. எதிரே டீக்கடையில் ஆட்கள் மழைக்கு ஒதுங்கியிருந்தார்கள். "மெதுவா பேசுங்கடா, இது ரங்கூன்" என்று தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து சத்தம் போட்டேன். சாலமன் தலையை நீட்டி, சிரித்துக்கொண்டே கேட்டான். "அங்கிள், நீங்க பிரஸ்காரரு. நீங்களே சொல்லுங்க. ஒடைக்கிறவன் பெரிய பாவியா, வெள்ளி மை பூசுறவனா?"

வேடிக்கையாகத்தான் கேட்டான். ஆனால் நீ சிரித்துவிட்டாய். உன் அம்மாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அவள் தோள் குலுங்கியது. சாலமன் கேட்டதைக்கூடப் பொறுத்திருப்பேன், உன் சிரிப்பு சுட்டுவிட்டது. ஐம்பத்தொன்பது வயதில், சொந்த வீட்டில், தன் பிள்ளை தன்னைப் பார்த்துச் சிரித்த கோபம் எப்படிப்பட்டது என்று உனக்கு நான் விளக்கப் போவதில்லை. அது நியாயமான கோபம் இல்லை. அவன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை என்பதால் வந்த கோபம்.

சாலமன் ராத்தங்குவதற்கான விருந்தாளி ஃபாரத்தை எப்போதும் நீதான் நிரப்புவாய். என் பர்மிய எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும் என்று நீயே பிடுங்கி எழுதி, வீட்டுக்காரர் சார்பில் கையெழுத்தும் போட்டுவிடுவாய். வந்த காரணம் என்ற கட்டத்தில் "உறவினர்" என்று எழுதுவாய். அன்றைக்கு வாதத்தின் சூட்டில் அந்தக் கட்டத்தை மட்டும் விட்டுவிட்டாய். நான் குடையை எடுத்துக்கொண்டு வார்டு ஆபீசுக்குப் போனேன். அங்கே குமாஸ்தா கோ மியின் இருந்தான், நல்ல பையன், என்னைக் கண்டால் எழுந்து நிற்பான். ஃபாரத்தைப் பார்த்துவிட்டு பர்மியத்தில் கேட்டான், "ஊலே, காரணம் எழுதலையே. வழக்கம்போல உறவினர்தானே, நான் எழுதிக்கட்டுமா?" ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சொன்னேன், "உறவும் இல்லை ஒண்ணும் இல்லை. அரசாங்கம் பிரஸ்ஸை உடைக்கலாமா கூடாதான்னு விவாதம் பண்ண வர்றான், வாராவாரம்." அவன் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான். பிறகு எழுதினான். அமெரிக்கா என்று நான் சொல்லவில்லை. பழைய காலத்துக் கதை என்று சொல்லவில்லை. குமாஸ்தா நாளைக்கு வந்து பையனை ஒரு மிரட்டு மிரட்டினால் சனிக்கிழமைக் கச்சேரி நின்றுவிடும், அது போதும் என்று நினைத்தேன். எழுதி முடித்துத் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினான். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்ணில் படுகிற ஆள் நான். அந்த வரியை முழுக்கப் படித்தேன். எதைச் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பள்ளிக்கூடத்தில் பர்மியம் படித்தவர்களுக்கெல்லாம் ஒரே வட்ட எழுத்துதான். மேலே உன் எழுத்து, நடுவில் அவன் எழுத்து, கீழே உன் கையெழுத்து. வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் காலை நீயும் அம்மாவும் கோயிலுக்குப் போயிருந்தீர்கள். எனக்கு ஜலதோஷம். சாலமன் தொட்டியடியில் குளித்துவிட்டு, தன் சட்டை காயாததால் உன் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தான். கோ மியினும் கூட உளவுத்துறை ஆட்கள் இரண்டு பேரும் வந்தார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு மரியாதையாகத்தான் உள்ளே வந்தார்கள். கோ மியின் என் முகத்தைப் பார்க்கவில்லை.  மேஜை மேல் இரண்டு புத்தகமும் இருந்தன. மெல்லியதின் முதல் பக்கத்தில் உன் பெயர். அவர்கள் சாலமனைக் கூப்பிடப் பின்பக்கம் திரும்பிய நேரத்தில் அந்தப் பக்கத்தைக் கிழித்து மடியில் செருகிக்கொண்டேன். சாலமன் அதைப் பார்த்துவிட்டான். "இதெல்லாம் யாருது?" என்று அவர்கள் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "ரெண்டும் என்னுதுதான்." தலை துவட்டாமல், உன் சட்டையோடு, இரண்டு புத்தகத்தையும் கையில் எடுத்துக்கொண்டு அவர்களோடு போனான். வாசலில் செருப்பு மாட்டும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "அருள்கிட்ட சொல்லிடுங்க அங்கிள்" என்றான்.

நான் சொல்லவில்லை. நீ கோயிலிலிருந்து வந்ததும், திடீரென்று மலேசியாவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தகவல் வந்து கிளம்பிவிட்டான் என்றேன். உன் சட்டையையும் புத்தகத்தையும்கூடத் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று நீ வருஷக்கணக்கில் கடிதங்களில் அவனைத் திட்டினாய், நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். உன் அம்மாவிடம், ஏதோ அரசியல் கூட்டத்தில் அவனுக்குத் தொடர்பு இருந்ததாம், பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியாது, சாகும்வரை என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. சாலமனின் அம்மா ஒரு பை நிறையக் கொய்யாப்பழத்தோடு வந்து, அருளுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டாள். அதற்குள் உன்னை ஏஜெண்டைப் பிடித்துச் சிங்கப்பூருக்கு அனுப்பியிருந்தேன். அவனுக்கு ஒன்றும் தெரியாது, கடிதம் போட்டாலும் பதில் போடுவதில்லை என்றேன். அவளுக்கு டீ போட்டுக் கொடுத்து, பழத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். பிள்ளை ஜெயிலிலிருந்து வருவதற்கு ஒரு வருஷம் முன்னால் அவள் இறந்துபோய்விட்டாள். ஒரே விஷயத்தை மூன்று பேருக்கு மூன்று விதமாகச் சொன்னவன் நான். ஆளுக்குத் தக்கன சொன்னால் பொய்யா என்று நீ கேட்டாயே, என்னைப் பொறுத்தவரை அதற்குப் பதில் இதுதான்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். நான் போட்டுக் கொடுத்த டீயை அவன் தொடவில்லை. "அருள் வர்றானாமே, கோயில்ல சொன்னாங்க" என்றான். ஆமாம் என்றேன்.  வாசலைப் பார்த்தபடியே சொன்னான். "புடிச்ச மூணாம் நாள் எங்கிட்ட ஒரு ஃபாரத்தைக் காட்டுனாங்க அங்கிள். அருள் எழுத்து. அருள் கையெழுத்து. அரசாங்கம் பிரஸ்ஸை ஒடைக்கிறது சரியான்னு விவாதம் பண்ண வர்றான்னு எழுதியிருந்துச்சு. அது அமெரிக்கா கதைன்னு நான் எவ்வளவோ சொன்னேன். ஒன் கூட்டாளியே எழுதிக் குடுத்திருக்கான், அதுல அமெரிக்கான்னு எங்கே இருக்குன்னு கேட்டாங்க. ஏன் அங்கிள் அப்படி எழுதுனான்?"

பன்னிரண்டு வருஷம் எனக்காகவே காத்துக்கொண்டிருந்த கேள்வி. அவன் எதிரே உட்கார்ந்திருக்கிறான், வாயில் இரண்டு பல் இல்லை, நான் மட்டும்தான் வீட்டில். சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது. "சின்ன வயசு தம்பி. தெரியாம எழுதிட்டான். அவனை மன்னிச்சிரு." என் வாயால், உன் பெயரைச் சொல்லி. முதல் தப்பு கோபத்தில் செய்தது, பயத்தில் மூடியது. இது கோபமும் இல்லாமல், கெடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாத எழுபத்தோரு வயதில், வெறும் வெட்கத்துக்காகச் செய்தது.  "தெரியாம எழுதுற ஆள் இல்லையே அவன்" என்றான் சாலமன். எழுந்து நாற்காலியை எடுத்த இடத்தில் போட்டான். "கோபம் இல்ல அங்கிள். அவன் வரட்டும். அவன் வாயால கேக்கணும். எதுக்கும் பதில் வெச்சிருப்பான்ல." படியிறங்கிப் போகும்போது ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

மறுநாளிலிருந்து எதிர் டீக்கடையில், மழைக்கூரைக்குக் கீழே, ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான். காலையில் வருகிறான், மத்தியானம் போகிறான். நம் வாசலைப் பார்த்தபடி இருக்கிறான். என் கண்ணில் புரை, முகம் தெரியவில்லை. சாலமனாக இருக்கலாம். சாலமன் எங்கே போகிறான் என்று பார்க்க வந்தவனாக இருக்கலாம். ஜெயிலிலிருந்து விட்ட பிறகும் அப்படிப்பட்டவர்களைக் கண்காணிப்பதை விடமாட்டார்கள் என்று சொல்கிறார்கள். டீக்கடைக்காரரைக் கேட்டேன். "எனக்கென்ன தெரியும், டீ கேட்டா குடுக்கிறேன்" என்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். இதையும் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது, நீ கிரேஸை அழைத்துக்கொண்டு நுழையப் போகிற வாசல் இது.

ஒன்றே ஒன்று சொல்கிறேன், கல்யாணமானவனுக்கு அப்பன் சொல்கிற புத்தி என்று வைத்துக்கொள். உங்கள் வீட்டில் உங்கள் மார்க்கத்தைத் தாங்கி எழுதிய புத்தகமும் இருக்கட்டும், தாக்கி எழுதியதும் இருக்கட்டும். அந்த ஸ்தாபகர் சொன்னது நிஜமா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நீ நம்புகிறாய், நம்பு. ஆனால் நேசிக்கிறவர்களுக்காக வெள்ளி மை பூசாதே. எனக்காகவும் பூசாதே. "அப்பா பயத்துல செஞ்சாரு, அந்தக் காலம் அப்படி" என்று கிரேஸிடம் சொல்லத் தோன்றும். காலம் அப்படித்தான். ஆனால் வார்டு ஆபீஸ் மேஜைக்கு முன்னால் நின்று தலையாட்டியது காலம் இல்லை, நான். அவளுக்குத் தமிழ் கேட்டால் புரியும் என்றாயே, இதை ஒரு வரி விடாமல் படித்துக் காட்டு.

எழுத்து ஏன் இவ்வளவு மங்கலாக இருக்கிறது என்று நினைத்திருப்பாய். உன் கையில் இருப்பது கார்பன் பிரதி. மேல்தாள் சாலமனுக்கு. உனக்கு ஒரு விதம், அவனுக்கு ஒரு விதம் என்று இனிமேல் இருக்கக் கூடாது. அன்றைக்குக் கிழித்த அந்தப் பக்கத்தை, உன் பெயரோடு, அவன் தாளோடு சேர்த்து வைத்திருக்கிறேன். நர்ஸம்மாவிடம் இதைக் கொடுத்துவிட்டு, பத்து மணி பஸ்ஸில் பாலம் தாண்டித் தன்லியினுக்குப் போகிறேன். அவன் படித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பேன். அதற்கப்புறம் அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. பஸ் ஸ்டாப்புக்கு டீக்கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த ஆள் வந்து உட்கார்ந்துவிட்டான்.

ஃபாரம் மேஜை மேல் இருக்கிறது. இதைப் படித்த பிறகும் வருவதாக இருந்தால் ஒரு வரி எழுதிப் போடு. உன் பெயரையும் கிரேஸ் பெயரையும் நானே எழுதுகிறேன், கோழி கிளறினாலும் பரவாயில்லை. வந்த காரணத்தை மட்டும் நீ சொல்லித்தான் எழுதுவேன்.

அப்பா